ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 40 மில்லிமீட்டர் வேண்டாம்

தம்பி, கினிகத்தேனை முடக்குகளில் உங்கள் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் சாய்கிறது, உயரத்தை 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஹட்டன் வீதியில் அழகாகத்தான் இருக்கும். தோட்டப் பாதைக்குத் திரும்பியதும் பம்பர் கல்லில் உரசும். 25 மில்லிமீட்டர் இறக்கினாலே தாராளம். உயரம் குறைந்தால், குலுக்கலை அடக்கும் ஷொக் அப்சோபர் அமுங்க இடமும் குறைகிறது. ஸ்பிரிங் போதிய விறைப்பாக இல்லாவிட்டால், பின் இருக்கையில் மூவர் ஏறியதும் ஒவ்வொரு குழியிலும் 'டங்' என்று அடிவாங்கும். மலிவு என்று பழைய ஸ்பிரிங்கை வெட்டித் தருவார்கள், தொடவே தொடாதீர்கள்: சக்கரம் தொங்கும்போது அது இடம்விட்டு நழுவும். பூட்டியபின் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) அவசியம், இல்லையேல் டயரின் உள்விளிம்பு தேயும். அதற்கெல்லாம் முன்பு, ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் சாய்வுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், முதலில் அதை மாற்றுங்கள். ஸ்பிரிங் செலவே மிச்சமாகலாம்.