காலிக் கோட்டைக்கு மூன்று நாள்

கேள்வி: நானும் கணவரும் மதுரையிலிருந்து இலங்கையின் காலி நகருக்கு மூன்று நாள் போய்வர நினைக்கிறோம். எப்போது, எப்படிப் போவது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். காலிக்குப் பக்கத்திலுள்ள உனவட்டுனக் கடற்கரையில் குளிப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

இ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதிக்கு இலங்கை அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு.

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலி ரயில் ஏறும்போது, போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடல் அந்தப் பக்கம்தான். பயணம் இரண்டரை, மூன்று மணி நேரம். உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், கேமராவைத் துணியில் சுற்றி வையுங்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கஷ்டம். பௌர்ணமி எப்போது என்று காலண்டரில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

காலிக் கோட்டைக்குள் நுழையக் கட்டணமில்லை. போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கிய இது, 1640-இல் டச்சுக்காரர் கைக்கு வந்தது. மதில்மேல் நடக்க மாலை நாலரைக்கு மேல் போங்கள். உச்சிவெயிலில் ஒதுங்க நிழல் இராது. பல இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது, செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள்!