எந்த சிஸ்டம் முதலில்? டூயல் பூட் கேள்வி-பதில்

கே: ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் உண்டு. ஆன் செய்துவிட்டு வாடிக்கையாளரைக் கவனிப்பதற்குள் உபுண்டு வந்துவிடுகிறது. விண்டோஸ் தானாக வர வேண்டும். (பழைய வண்ணாரப்பேட்டை)

பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு அமைப்பு) கை வைக்காதீர்கள். அங்கே உபுண்டுவே முதலில் இருக்கட்டும். இல்லையென்றால் தேர்வு மெனுவே வராது. மாற்ற வேண்டியது, அந்த மெனுவைக் காட்டும் கிரப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பு. இடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) சூடோ, அதாவது அட்மின் அனுமதி, போட்டு நானோ எடிட்டரில் திறந்தால் 'கிரப்_டிஃபால்ட்=0' என்ற வரி மேலேயே தெரியும். கிரப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்: மெனுவில் விண்டோஸ் மூன்றாவது வரி என்றால் 2, ஐந்தாவது என்றால் 4. பலரும் சறுக்குவது இங்கேதான். சேமித்ததும் 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் எழுதியது கோப்பில் கிடக்கும், மெனு மாறாது.

மெனுவில் ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் எண் தப்பிவிடும். அதனால் எண்ணுக்குப் பதில் விண்டோஸ் வரியை மெனுவில் உள்ளபடியே, ஓர் எழுத்து பிசகாமல், மேற்கோள் குறிக்குள் போடுவதே நல்லது. மெனு காத்திருக்கும் நேரமான 'கிரப்_டைம்அவுட்' 5 வினாடி இருந்தால் கடைக்குப் போதும். மெனுவில் விண்டோஸே இல்லையென்றால் பதற வேண்டாம். கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. 'கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்' என்று சேர்த்து மறுபடி அப்டேட்-கிரப் கொடுங்கள்.

கே: விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து லினக்ஸ் மெனு வருவதில்லை. லினக்ஸ் அழிந்துவிட்டதா? (வியாசர்பாடி)

அழியவில்லை, மறு இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முன்னால் போய் நின்றுவிட்டது, அவ்வளவுதான். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய், லினக்ஸை மேலே ஏற்றிச் சேமியுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் இதற்கு முன்பே 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வையுங்கள். வரிசை மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். கீ கையில் இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது.

கே: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. (திருவொற்றியூர்)

மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் சரியாகும்.

கே: பழைய டெஸ்க்டாப். கரண்ட் போய் வந்தாலே பூட் வரிசை பழையபடி ஆகிவிடுகிறது, தேதியும் தப்பாக வருகிறது. (ராயபுரம்)

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பவர் கார்டைக் கழற்றிவிட்டு, ப்ளஸ் பக்கம் மேலே தெரியும்படி புதியதைப் பொருத்துங்கள். பிறகு பயாஸில் முதலில் தேதியையும், அடுத்து பூட் வரிசையையும் திருத்துங்கள். ஹார்ட் டிஸ்க் மோடு (மதர்போர்டு டிஸ்க்குடன் பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறியிருந்தால், வரிசை சரியாக இருந்தும் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும்.