கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் சடங்காகாமல் இருக்க மக்களும் தன்னார்வ அமைப்புகளும் என்ன செய்யலாம்?

முதலில் தேதியைப் பாருங்கள். திட்டத்துக்கு இடம் தேர்வாகி, ஒப்பந்தப்புள்ளியும் கோரிய பிறகு கூட்டம் போட்டால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வேலியும் வண்ணமும்தான் மாறும். மாற்று வழிகள் எல்லாம் திறந்திருக்கும்போதே மக்களைச் சேர்க்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு குறித்து 1998-இல் கையெழுத்தான ஆர்ஹஸ் பன்னாட்டு உடன்படிக்கை கேட்பது இதனால்தான். ஆகவே, "இத்திட்டத்தில் இன்னும் முடிவாகாதது எது?" என்று கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் பதிவுதான்.

மக்களுக்கு எவ்வளவு அதிகாரம் கிடைக்கிறது என்பதைக் காட்ட அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் வகுத்த எட்டுப் படி ஏணியில் கருத்துக் கேட்பது நான்காம் படி. கூட்டாக முடிவெடுப்பது ஆறாம் படியில்தான் தொடங்குகிறது. நான்கில் நிற்க வைத்துவிட்டு ஆறில் இருப்பதாகச் சொல்வதுதான் மக்களைக் கசப்படைய வைக்கிறது.

ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டு அனுப்பினால், பெரும்பாலும் அதை ஒரே கருத்தாகச் சுருக்கிவிடுவார்கள். வரைவின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு பத்திக்கு ஒரே கோரிக்கை வைத்து, அதற்கான ஆதாரத்தையும் மாற்று வாசகத்தையும் சேர்த்து எழுதிய பத்து மனுக்களை ஒதுக்குவது கடினம். ஒவ்வொன்றையும் ஏற்றார்களா, மறுத்தார்களா, ஏன் என்று காட்டும் அட்டவணையைக் கட்டாயம் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த அட்டவணை இல்லாத கருத்துக்கேட்பைக் கருத்துக்கேட்பு என்றே சொல்லக்கூடாது.

தன்னார்வ அமைப்புகளின் உண்மையான வேலை கூட்டத்துக்கு முன்பே நடக்கிறது. நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையை நான்கு பக்கமாக எளிய மொழியில் தர வேண்டும். அதிலுள்ள அளவீடுகளைத் தாங்களே சரிபார்க்க வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர்களும் குழந்தையை விட்டு வர முடியாதவர்களும் வரக்கூடிய நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே ஒலிவாங்கி இருந்தால் பேசிப் பழகியவர்களே பேசுவார்கள். எட்டுப் பேர் கொண்ட சிறு வட்டங்களாக உட்கார வைத்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள். யார் வருவது என்பதையே குலுக்கலில் தீர்மானிக்கவும் முடியும். அயர்லாந்து 2016-இல் அப்படித்தான் 99 குடிமக்களை அமர்த்தியது. அவர்கள் பரிந்துரைத்த கருக்கலைப்புச் சட்ட மாற்றம் 2018 பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

அமைப்புகள் சறுக்கும் இடமும் ஒன்று உண்டு. தங்கள் நிலைப்பாட்டையே மக்கள் குரலாக எழுதிவிடுவார்கள். மனுவில் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வையுங்கள்.

அறிவிப்பு நகல், வருகைப் பதிவு, கூட்டக் குறிப்பு, மனு பெற்ற ஒப்புகைச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். பல நாடுகளில் நீதிமன்றங்கள் திட்டம் நல்லதா கெட்டதா என்பதைவிட, நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா என்பதையே முதலில் பார்க்கும்.