.22 தோட்டா தேர்வு: பெயரையும் விலையையும் விட லாட் எண் முக்கியம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும்) பிரிவில், கிளப்பின் போல்ட் ஆக்‌ஷன் .22 ரைபிளில் சுடுகிறேன். 60 ஷாட்டுக்கு 609 புள்ளியைத் தாண்ட முடியவில்லை. கிடைத்த மூன்று வகைத் தோட்டாக்களில் ஐந்தைந்து சுட்டுப் பார்த்தேன். எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் 13 மி.மீ., லாபுவா சென்டர்-எக்ஸ் 19 மி.மீ., ஈலி டெனெக்ஸ் 16 மி.மீ. குரூப் (ஐந்து ஓட்டைகளும் பரவிய அகலம்) கொடுத்தன. விலை குறைந்ததே போதும் என்று முடிவு செய்யலாமா? பழைய ஷூட்டர்கள் டெனெக்ஸ்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்."

இந்த மூன்று எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஐந்து ஷாட் குரூப்பின் அகலம் அவ்வளவு தூரம் ஆடும். சராசரியாக 16 மி.மீ. தரும் தோட்டாவே ஒரு முறை 12 காட்டும், அடுத்த முறை 20 காட்டும். இரண்டுமே இயல்பான விளைவுதான். அதாவது, உங்கள் மூன்று தோட்டாக்களும் ஒரே தரமாக இருந்திருந்தாலும் 13, 19, 16 என்று வந்திருக்கலாம். முடிவெடுக்க உதவும் சோதனையைக் கீழே சொல்கிறோம். அதற்கு முன் தோட்டாவால் உங்களுக்கு எவ்வளவு புள்ளி கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். பத்துக்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தசமப் புள்ளி உண்டு, ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மி.மீ. 609 புள்ளி என்றால் உங்கள் ஷாட்டுகள் மையத்திலிருந்து சராசரியாக 6.4 மி.மீ. தள்ளி விழுகின்றன. இந்த 6.4-இல் உங்கள் கை பிடிப்பு, டிரிகர், காற்றைப் படிப்பது எல்லாம் சேர்ந்த பங்கு ஒன்று. துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்த பங்கு இன்னொன்று. இவை நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடும். உதாரணமாக உங்கள் பங்கு 5 மி.மீ., தோட்டாவின் பங்கு 4 மி.மீ. என்றால் மொத்தம் 25 + 16-இன் வர்க்கமூலம், அதாவது 6.4. தோட்டாவின் பங்கை 3-ஆகக் குறைத்தால் மொத்தம் 5.8. ஷாட்டுக்கு 0.07 புள்ளி, 60 ஷாட்டுக்கு நாலு புள்ளிக்குச் சற்று மேல். 609 என்பது 613 ஆகும். மாநிலப் போட்டியில் தரவரிசையையே மாற்றக்கூடிய வித்தியாசம் இது. அதே மாற்றத்தை, சொந்தப் பங்கே 10 மி.மீ. இருக்கும் புதியவர் செய்தால் இரண்டரைப் புள்ளிதான் கிடைக்கும். அவர் அந்தப் பணத்தைப் பயிற்சித் தோட்டாவுக்குச் செலவிடுவதே நல்லது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒரே பெயரில் வரும் தோட்டாவும் லாட்டுக்கு லாட் (ஆலையில் ஒரே தொகுப்பாகத் தயாரானது ஒரு லாட்) ஏன் மாறுகிறது? .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா ரிம்ஃபயர் வகை. சென்டர்ஃபயர் தோட்டாவில் தீமூட்டும் மருந்து தனி மூடியில் நடுவில் இருக்கும். இதில் பித்தளைக் குப்பியின் அடி விளிம்புக்குள்ளேயே அந்த மருந்தை ஈரமாக வைத்து, சுழற்றிப் பரப்பி, காயவைக்கிறார்கள். அந்த மருந்து விளிம்பு முழுக்க ஒரே அளவில் பரவாவிட்டால் வெடிப்பின் தொடக்கம் மாறும், வேகம் மாறும். வெடிமருந்தின் அளவோ மிகச் சிறியது, எனவே சின்ன மாறுதலும் பெரிதாகத் தெரியும். 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு, அதன் மேல் பூசிய மெழுகு, குப்பியின் வாய் குண்டைப் பிடிக்கும் இறுக்கம் எல்லாமே இதில் சேர்கின்றன. சென்டர்ஃபயர் சுடுபவர்கள் தங்களுக்குத் தேவையானபடி தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். ரிம்ஃபயரில் அந்த வழி இல்லை. ஆலையில் வந்ததுதான், அதில் நல்லதைத் தேடி எடுப்பது மட்டுமே நம் வேலை.

வேக மாறுபாட்டின் விலையைக் கணக்கிடுவது எளிது. போட்டித் தோட்டா விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50 மீட்டரைக் கடக்க சுமார் 0.16 விநாடி; அதற்குள் சுமார் 12.5 செ.மீ. கீழே இறங்கும். வேகம் விநாடிக்கு 1 மீட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கூடுதலாக இறங்கும். அதாவது 0.1 புள்ளி. ஒரு பெட்டிக்குள்ளேயே வேகம் 10 மீட்டர் ஆடினால் மேலுக்கும் கீழுக்கும் 8 மி.மீ. இதனால்தான் மோசமான லாட் உயரவாக்கில் நீண்ட குரூப்பைத் தரும். பேரலின் அதிர்வு சில ரைபிள்களில் இதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும். ஒரே லாட் ஒரு ரைபிளில் அருமையாகவும் பக்கத்து ரைபிளில் சுமாராகவும் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றவை சேம்பரின் (பேரலில் தோட்டா அமரும் அறை) நீளம், ரைஃப்லிங் (குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்கள்) தொடங்கும் இடம், பேரலின் உள் அளவு. ஆகவே நண்பரின் ரைபிளில் வந்த முடிவு உங்களுக்குச் செல்லாது. டெனெக்ஸ் என்ற பெயருக்காக வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. விலை உயர்ந்த வகையில் நல்ல லாட் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். உங்கள் பேரலுக்குப் பொருந்திய சென்டர்-எக்ஸ் லாட், பொருந்தாத டெனெக்ஸ் லாட்டை நிச்சயம் வெல்லும்.

ஹை வெலாசிட்டி தோட்டா வேண்டாம். விநாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் குண்டு 50 மீட்டருக்குள்ளேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் அதற்குத் தடுமாற்றம் உண்டு. வேகமான குண்டு காற்றில் குறைவாக விலகும் என்று பலர் நம்புகிறார்கள். ரிம்ஃபயரில் நிலைமை தலைகீழ். விநாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றில் ஸ்டாண்டர்ட் வேகக் குண்டு சுமார் 6 மி.மீ. விலகும், ஹை வெலாசிட்டி 8 மி.மீ. ஒலி வேகத்தைச் சுற்றிக் காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுவதே காரணம்.

இனி சோதனை. ஒவ்வொரு வகையிலும் ஒரே லாட் எண் கொண்ட இரண்டு பெட்டிகள் வேண்டும். எண் பெட்டியின் மடிப்பில் அச்சாகியிருக்கும். ஈலி பெட்டியில் அந்த லாட்டின் வேகமும் அடி/விநாடி கணக்கில் இருக்கும். இரண்டு பெட்டியின் எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் தொடங்காதீர்கள்.

பேரலைச் சுத்தம் செய்து, ஆக்‌ஷன் திருகுகளை (போல்ட் இயங்கும் உலோகப் பகுதியைச் சட்டத்தோடு இணைப்பவை) டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். சோதனை முடியும்வரை அதைத் தொடாதீர்கள். மேஜை மேல் முன்னும் பின்னும் மணல் பை வைத்து, டெலஸ்கோப் பொருத்திச் சுடுவது நல்லது. ஸ்லிங் (கையோடு ரைபிளைப் பிணைக்கும் வார்) போட்டுப் படுத்துச் சுட்டால் உங்கள் பிடிப்பையும் சேர்த்தே அளக்கிறீர்கள். காற்று எழும்பாத அதிகாலை, அல்லது மூடிய ரேஞ்ச்.

முதல் நாள் ஸ்டாண்டர்ட் பிளஸ், சென்டர்-எக்ஸ், டெனெக்ஸ் என்ற வரிசை. ஒவ்வொன்றிலும் முதல் 10 ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு. முந்தைய தோட்டாவின் மெழுகு பேரலில் ஒட்டியிருக்கும்போது புதியது தன் இயல்பைக் காட்டாது. உங்கள் ஐந்து ஷாட் சோதனை தவறிய இடங்களில் இதுவும் ஒன்று. பத்தும் முடிந்த பின் 20 ஷாட் சுட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஷாட்டுக்கு 20 விநாடி வாக்கில், ஒரே தாளத்தில். சேம்பரில் போட்ட தோட்டாவைப் பேச்சுவாக்கில் சூடான பேரலுக்குள் நிற்க விடாதீர்கள். வேகம் ஏறி அந்த ஷாட் மேலே போகும். இரண்டாம் நாள் வரிசையைத் தலைகீழாக்கி அதையே செய்யுங்கள். பேரல் அழுக்கேறுவது, வெயில் ஏறுவது, உங்கள் களைப்பு ஆகியவை ஒரே தோட்டாவின் தலையில் விழாமலிருக்க இது அவசியம். ஒரு வகைக்கு 60 தோட்டா செலவாகும். 40 ஷாட் கணக்கில் இருக்கும்.

குரூப்பின் வெளி அகலத்தை மட்டும் அளந்தால் 40 ஷாட்டில் 38-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டை மட்டும் பார்க்கிறோம். அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் இலக்கு தரும் கிடைமட்ட, நிலைமட்ட எண்களை எக்செல்லில் ஏற்றுங்கள். இரண்டு நாளின் 20 ஷாட்டையும் தனித்தனியே வைத்து, அந்தந்த நாளின் சராசரி மையத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு ஷாட்டின் தூரத்தையும் எடுத்து, நாற்பதையும் சராசரி போடுங்கள். இந்தச் சராசரி ஆரம்தான் ஒப்பிட வேண்டிய எண். காகித இலக்கானால் ஐந்து ஷாட்டுக்கு ஒரு இலக்கு என்று பிரித்துச் சுடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே ஓட்டையாகி அளக்க முடியாது. சைட்டைத் திருப்பாமல் ஒரே புள்ளியைக் குறிவைத்தால் பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிடலாம்.

தள்ளி விழுந்த ஷாட்டை அழிக்கத் தோன்றும். டிரிகரை இழுத்த கணமே, இலக்கைப் பார்க்கும் முன், "இது போயிற்று" என்று சொல்லியிருந்தால் மட்டும் அழியுங்கள். பெட்டிக்கு ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் 9.4 போகும் லாட்டைப் போட்டிக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு தோட்டா செலவழிக்கிறோம்.

40 ஷாட் சோதனையில் இரண்டு தோட்டாக்களின் சராசரி ஆரம் 10 அல்லது 15 சதவீதத்துக்குள் நெருங்கியிருந்தால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள், விலை குறைந்ததை வாங்குங்கள். 3.1-க்கும் 3.3-க்கும் சண்டை வேண்டாம். 3-க்கும் 4-க்கும் இடைவெளி இருந்தால் அது உண்மை. போட்டிக்கு ஏற்றதா என்பதற்கு இன்னொரு அளவுகோல்: நாற்பதும் மையத்துக்கு மையம் 16 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கினால், அந்தத் தோட்டாவால் நீங்கள் ஒரு பத்தையும் இழக்க மாட்டீர்கள். ஓட்டைகளின் வெளி விளிம்பை அளந்தால் அதிலிருந்து 5.6 மி.மீ. கழிக்க வேண்டும்.

சிதறலின் வடிவத்தையும் பாருங்கள். உயரவாக்கில் நீண்டிருந்தால் வேக மாறுபாடு, தோட்டாவின் குற்றம். அகலவாக்கில் நீண்டிருந்தால் பெரும்பாலும் காற்று. வெளி ரேஞ்சில் சோதித்தவர்கள் உயரவாக்கை மட்டும் நம்பி ஒப்பிடலாம். மூன்று வகையுமே எல்லாப் பக்கமும் பெரிதாகச் சிதறினால் தோட்டாவை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஆக்‌ஷன் திருகு தளர்வு, பேரல் வாயின் விளிம்பில் அடி, சேம்பருக்கு முன்னால் வளையமாகப் படிந்த கரி, டெலஸ்கோப் மவுண்ட் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். கிளப் ரைபிளில் கரி வளையம் மிகச் சாதாரணம், பலர் அதைப் பேரல் தேய்ந்துவிட்டது என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள்.

வேகமானி இருந்தால் நல்ல துணை. நல்ல லாட்டில் வேகத்தின் திட்ட விலக்கம் விநாடிக்கு 2, 2.5 மீட்டரில் நிற்கும். ஆனால் பேரலில் மாட்டும் வகையைச் சோதனையின்போது பயன்படுத்தாதீர்கள். அதன் எடை அதிர்வை மாற்றிவிடும். தோட்டாவை எடை போட்டும் ரிம் தடிமன் அளந்தும் பிரிப்பது போட்டித் தரத் தோட்டாவில் செலவழிக்கும் நேரத்துக்கு ஈடாகாது.

25 மீட்டர் பிஸ்டல் சுடுபவர்களுக்கு இந்தப் பாடு தேவையில்லை. பிரிசிஷன் இலக்கின் பத்து வளையமே 50 மி.மீ. தடங்கலின்றி அடுத்த தோட்டா ஏறுகிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 200 ஷாட் சுட்டு ஒரு தடையும் வராத ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டா போதும்.

லாட்டைக் கண்டுபிடித்த பின் தாமதிக்காதீர்கள். பெட்டிக்கு 50, கட்டுக்கு 500, கேஸுக்கு 5000. ஐரோப்பிய ஷூட்டர்கள் ரைபிளோடு ஈலி, லாபுவா சோதனை மையங்களுக்கே போய், ஆக்‌ஷனை இரும்புப் பிடியில் இறுக்கிப் பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை அங்கேயே ஒதுக்கச் சொல்வார்கள். இங்கே இறக்குமதியாகி வந்ததில்தான் தேட வேண்டும், உரிமத்தில் உள்ள அளவும் கட்டுப்படுத்தும். எனவே இரண்டு லாட் மட்டுமே கிடைத்தாலும் சோதியுங்கள். சிறந்ததைப் போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய இரு வாரப் பயிற்சிக்கும் வைத்து, மற்றதை அன்றாடப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். மெழுகு மாறும்போதெல்லாம் முதல் 10 ஷாட் விதியை மறக்க வேண்டாம். புது லாட் வந்தால், பெயர் அதேயானாலும், சோதனை மறுபடி முதலிலிருந்து.

வெயிலில் நிற்கும் காரில் தோட்டாவை விடாதீர்கள். மெழுகு இளகி வழிந்தால் குண்டைச் சுற்றி அது சமமாக இருக்காது, நல்ல லாட்டும் பாழாகும். மணலில் விழுந்த தோட்டாவைத் துடைத்துப் போடுவதும் கூடாது. துடைத்த இடத்தில் மெழுகு போயிருக்கும், ஒட்டிய மணல் பேரலைக் கீறும். தோட்டா வெடிக்காமல் போனால் பேரலை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்துவிட்டு, ரேஞ்ச் அதிகாரி சொன்ன பின் போல்ட்டைத் திறங்கள். சேம்பர் இறுக்கமான போட்டி ரைபிளில் சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு ரைஃப்லிங்கில் சிக்கித் தங்கிவிடலாம், மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டும். குப்பி மட்டும் வந்தால் இன்னொரு தோட்டாவை உள்ளே தள்ளாதீர்கள். கிளீனிங் ராடால் பேரலைத் தள்ளிப் பார்த்த பிறகே அடுத்த ஷாட்.