பிப்ரவரியில் மட்டும் ஏன் உபவாசம் இல்லை?

கேள்வி: என் கணவர் ஒருவரின் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நடக்கிறது. 12 வயதில் மகள், 7 வயதில் மகன். சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை, எடுத்து வைத்துவிடுவேன். அதில் ஒரு மாதமும் குறை வைத்ததில்லை. அப்புறம் மளிகை வாங்கி, நான்கு வாரத்துக்கும் சமமாகப் பிரித்து நான்கு டப்பாக்களில் போட்டுவிடுவேன். வீண் செலவு கிடையாது. ஆனாலும் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. அந்த இரண்டு மூன்று நாளை உபவாச ஜெபம் என்று வைத்துக்கொள்கிறோம். ராத்திரி ஒரு வேளை மட்டும் ஏதாவது லேசாகச் செய்வேன். கணவருக்கு வேலை இடத்தில் மதியச் சாப்பாடு கிடைத்துவிடும். அவருக்குப் பாரம் ஏற்ற வேண்டாம் என்று உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் பக்தியைப் பற்றி அவர் சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். போன பிப்ரவரி மட்டும் கர்த்தருடைய கிருபையால் உபவாசம் இல்லாமலே தாண்டியது. சின்னவன்கூட, "ஏம்மா, கடவுள் மாசக் கடைசியில மட்டும்தான் உபவாசம் கேப்பாரா?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான். சிக்கனமாகச் சமைக்க நல்ல குறிப்புகளும், மனம் தளராமலிருக்க ஆறுதலாக இரண்டு வார்த்தையும் எழுதுங்கள்.
- ஒரு வாசகி

பதில்:

சகோதரி, ஆறுதல் வார்த்தை இந்த முறை என்னிடம் இல்லை. சமையல் குறிப்பு கடைசியில் வரும். அதற்கு முன்னால் உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

சம்பளம் போதவில்லை, அடுப்படியில் எப்படி மிச்சம் பிடிப்பது என்று கேட்டு இந்தப் பகுதிக்குக் கடிதம் வராத மாதம் இல்லை. பெரும்பாலும் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும்: விலைவாசி, பிள்ளைகள், கடன், "பத்துக் குறிப்பு கொடுங்கள்". நடுவில் எங்கேயாவது ஒரு வரி, எழுதியவருக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். விஷயம் அதில்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்த வரியை எழுதியது ஏழு வயதுப் பையன்.

அவன் வேடிக்கையாகக் கேட்கவில்லை. கவனித்துப் பார்த்துக் கேட்டிருக்கிறான். மாதத்தின் தொடக்கத்தில் கடவுள் ஒன்றும் கேட்பதில்லை. நடுவிலும் கேட்பதில்லை. டப்பா காலியானதும் கேட்கிறார். பிள்ளைக்குக் கணக்கு நேராகிவிட்டது. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லத் தெரியாததால் கேள்வியாகக் கேட்டான். இன்னும் ஐந்து வருடத்தில் விளக்கத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவன் சபைக்கு வர மாட்டேன் என்பான். நீங்கள் கூடாத நட்பு என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

சரி, அந்தப் பிப்ரவரியைப் பார்ப்போம். உங்கள் டப்பாக்கள் நான்கு. டப்பாவுக்கு ஏழு நாள். நாலேழு இருபத்தெட்டு. பிப்ரவரிக்கும் 28 நாள்தான். கிருபை என்று நீங்கள் எழுதியது காலண்டரில் அச்சாகித் தொங்குகிறது. மற்ற 11 மாதங்களில் ஏழு மாதத்துக்கு 31 நாள், நான்கு மாதத்துக்கு 30 நாள். ஒன்றில் மூன்று நாள், மற்றதில் இரண்டு நாள் வெளியே நிற்கிறது. ஏழு மூன்று 21, நாலிரண்டு 8, ஆக மொத்தம் 29. வருடத்தில் 29 நாளுக்கு உங்கள் வீட்டில் டப்பாவே கிடையாது. பிப்ரவரியைவிட ஒரு நாள் நீளமான ஒரு மாதம் உங்கள் கணக்கில் விழாமலே போய்விட்டது. அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கல்யாணமான புதிதில் நானும் இதே நான்கு டப்பா வைத்தவள்தான், அதனால்தான் பார்த்ததும் புரிந்தது. என் மாமியார் அலமாரியைத் திறந்து ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு குட்டி டப்பாவைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தார். "இது மாசத்தோட வால். இதுக்கு முதல்ல போடு, அப்புறம் மத்ததுக்குப் போடு" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாளோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் வால் டப்பா இன்றைக்கும் என் அலமாரியில் இருக்கிறது.

கணக்குப் பிசகு பெரிய குற்றமில்லை. யாருக்கும் வரும். நான் கோபப்படுவது அதை மூடி மறைக்க நீங்கள் எடுத்த துணியைப் பார்த்துத்தான்.

உபவாசம் என்றால் இருக்கிற சாப்பாட்டை மனமறிந்து தள்ளி வைப்பது. இல்லாததை யாராலும் தள்ளி வைக்க முடியாது. உங்கள் பிள்ளைகள் இருப்பது உபவாசம் இல்லை, பட்டினி. இதை எழுத எனக்கும் கையோடவில்லை, படிக்க உங்களுக்கும் வலிக்கும். ஆனால் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியும். இஸ்லாமியர்கள் ரமலான் மாதம் முழுக்க எவ்வளவு கண்டிப்பாக நோன்பு இருப்பவர்கள்! அங்கேகூடப் பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமை இல்லை. வேதம் படிக்கிறவர் நீங்கள். ஏசாயா தீர்க்கதரிசி கர்த்தருக்குப் பிடித்த உபவாசம் எது என்று சொல்லும்போது, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்து கொடு என்றுதான் சொல்கிறார். பசித்தவன் உங்கள் வீட்டிலேயே, உங்கள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறான்.

அப்புறம் உங்கள் கணவர். "அவருக்குப் பாரம் ஏற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்றாத அந்தப் பாரம் எங்கே போனது? மகள் வயிற்றிலும் மகன் வயிற்றிலும் இறங்கியிருக்கிறது. வளர்ந்த ஆண்பிள்ளை தாங்க மாட்டார் என்று நினைத்ததை ஏழு வயதுப் பிள்ளை தாங்குகிறான். அவரோ மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சபையில் எழுந்து நின்று குடும்பத்தின் உபவாசத்துக்குச் சாட்சி சொல்கிறார். தெரியாமலே அவரைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்திருக்கிறீர்கள். உபவாசம் இருப்பதை நாலு பேருக்குக் காட்டிக்கொள்ளாதே, முகத்தைக் கழுவிக்கொண்டு சாதாரணமாக இரு என்று இயேசு சொன்னதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். மாதத்தில் மூன்று நாள் வீட்டு அடுப்பு பகலில் ஏன் எரியவில்லை என்பது மனுஷனுக்குத் தெரியவில்லை என்றால், அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று? சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதோடு குடும்பத் தலைவர் வேலை முடிந்துவிடாது. டப்பாவின் அடி எப்போது தெரிகிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெண்டாட்டி ஒருத்தியே எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சிரிப்பதுதான் குடும்பப் பாங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மறைப்பதில் அன்பு இருக்கலாம், ஆனால் பாதி பயமும் இருக்கிறது.

மகள் எதுவும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. 12 வயதுப் பெண் கேட்கவில்லை என்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். தெரிந்து, உங்களுக்காக அவளும் நடிக்கிறாள். அவள் உடம்பு வேகமாக வளர்கிற வயது இது. மாதவிலக்கு தொடங்கும் பருவத்தில் இரும்புச்சத்துத் தேவை இன்னும் கூடும். உங்கள் மூடி மறைத்தலுக்கு அதிக விலை கொடுப்பது அவள்தான்.

எலிசா தீர்க்கதரிசியிடம் ஒரு விதவை ஓடிவந்த கதை உங்களுக்குத் தெரியும். கடன்காரன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எலிசா கேட்ட கேள்வியை மறுபடி போய்ப் படியுங்கள். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். கையிருப்புக் கணக்கு! அவளும் மழுப்பாமல், ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்றாள். அக்கம்பக்கத்தில் போய்ப் பாத்திரம் கேட்டு வாங்கி வா, கொஞ்சமாக வாங்காதே என்றார். அவள் போய்க் கேட்டாள். அதற்குப் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, வார்க்க வார்க்கக் குறையாமல் வந்த அந்த எண்ணெயை வார்க்கும்போது பாத்திரத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தது யார்? அவள் மகன்கள். வீட்டில் எண்ணெய் எவ்வளவு என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும். இதை உபவாசம் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் பாத்திரம் தூக்கிக் கொடுக்க ஆள் இருந்திருக்காது.

தசமபாகத்தைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். நானும் காணிக்கை கொடுக்கிறவள். நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது கடவுளுக்கு நேர்ந்துவிட்ட கொர்பான் என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. பெற்றோருக்குப் பொருந்துவது பிள்ளைகளுக்குப் பொருந்தாதா? ஒரு மாதம் காணிக்கை குறைந்தால் கடவுள் வாசலில் வந்து நிற்க மாட்டார். பிள்ளைகளின் தட்டு இன்னொரு மாதம் காலியாக இருந்தால் நான் வந்து நிற்பேன்.

இனி உங்கள் குறிப்பு. பத்து கிடையாது.

பத்தில் ஒன்று எடுப்பது உங்களுக்குப் பழகிய கணக்கு. அதைத் தானியப் பானையிலும் செய்யுங்கள். தினமும் வழக்கமாக எடுக்கும் அளவை எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கை வால் டப்பாவில் திருப்பிப் போடுங்கள். 28 நாளுக்கு வாங்கியது அப்படியே 31 நாளுக்கு வந்துவிடும், போட்டுப் பாருங்கள். ஒரு சல்லிக்காசு கூடுதல் செலவில்லை. தினமும் ஒரு கைப்பிடி குறைந்ததில் யாரும் பசியோடு எழுந்திருக்க மாட்டார்கள். எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் இதே கணக்குதான்.

தானியத்தோடு ஒரு கரண்டி பயறோ பருப்போ எல்லா நாளும் இருக்கட்டும். தானியத்தின் புரதத்தில் லைசின் என்கிற சத்து குறைவு, அது பயறில் தாராளம். பயறில் குறைவான மெத்தியோனின் என்கிற இன்னொரு சத்து தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு முழுசாக ஒட்டும். உலர்ந்த பயறு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். முழுப் பயறை ராத்திரியே ஊற வைத்து, மூடி போட்டு வேக வையுங்கள், எரிபொருள் பாதியாவது மிஞ்சும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மிஞ்சும். கீரை, பயறு சமைக்கிற நாளில் ஒரு மூடி எலுமிச்சை பிழியுங்கள். செடியிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது தடுக்கும். மகளுக்காகச் சொல்கிறேன்.

மீந்ததைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்காக அஜாக்கிரதையாகவும் வைக்காதீர்கள். 5000 பேருக்குச் சாப்பாடு போட்டு முடித்த பிறகும் துணுக்கைப் பொறுக்கி 12 கூடை நிரப்பச் சொன்னவரை நம்புகிறவர் நீங்கள். வெந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். கொதிக்கும் சூட்டையும் தாண்டி உயிரோடிருக்கும் கிருமி வித்துகள் சோற்றில் உண்டு. வெளியே கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு வேளைச் சோற்றை மிச்சம் பிடிக்கப் போய் மருத்துவச் செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் தட்டு நிறையவில்லை என்றால் சம்பளமே போதவில்லை என்று அர்த்தம். அப்போது சபையில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லத் தெரிந்த வாய்க்கு உதவி கேட்கவும் தெரிய வேண்டும். அந்த விதவை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாளே.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு நான்கு பேரும் உட்காருங்கள். பிள்ளைகளைத் தூங்கப் போகச் சொல்லாதீர்கள். டப்பாக்களை நடுவில் வையுங்கள். கணவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம், அது உபவாசம் இல்லை, அம்மா கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அம்மா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். போனால் போகட்டும். பிறகு ஒரு சின்ன டம்ளரைச் சின்னவன் கையில் கொடுத்து, தினமும் வால் டப்பாவில் போடுகிற வேலையை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். கணக்கு அவனுக்குத்தான் நன்றாக வருகிறது.

எனக்கு அடுத்த கடிதம் எழுதுவதானால் பிப்ரவரியைப் பற்றி எழுத வேண்டாம். மார்ச் 31ஆம் தேதி மதியம் என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள்.