மாற்றியமைக்கக்கூடிய அனலொக் சுற்றுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இலக்கமுறைச் சுற்றை மென்பொருளால் மாற்றலாம் என்பது விளங்குகிறது. அனலொக் சில்லில் தடையியின் பெறுமானத்தை எப்படி மாற்றுகிறார்கள்? (உயர்தர மாணவி, அட்டன்)

பதில்: மாற்றியமைக்கக்கூடிய அனலொக் சில்லு என்பது, தயாரித்த பின்னரும் உள்ளே உள்ள இணைப்புகளையும் பெறுமானங்களையும் மென்பொருளால் மாற்றக்கூடியது. அவ்வாறு பரவலாக விற்பனைக்கு வந்த பல சில்லுகளில் சைகைப் பாதையில் தடையியே இல்லை. சிறிய கொள்ளளவியொன்றை ஆளிகளால் ஒரு பக்கம் மின்னேற்றி மறுபக்கம் இறக்கிக்கொண்டே இருந்தால், கூடை கூடையாகக் கொழுந்து மடுவத்துக்குப் போய்ச் சேருவதைப் போல ஏற்றம் சிறு சிறு அளவுகளாகக் கடந்து, சராசரியில் ஒரு தடையியூடாக ஓடும் மின்னோட்டத்துக்கு நிகராகிவிடும். 1 பைக்கோபரட் கொள்ளளவியைச் செக்கனுக்கு 100,000 தடவை இவ்வாறு மாற்றினால் அது 10 மெகாஓம் தடையியாகத் தொழிற்படும். தனியொரு கொள்ளளவியின் பெறுமானம் தயாரிப்பில் 10 சதவீதமளவு பிசகலாம். ஆயினும் அருகருகே அமைந்த இரண்டின் விகிதம் மிகத் துல்லியமாக இருக்கும். வேண்டாத மீடிறன்களைத் தடுக்கும் வடிப்பானின் வெட்டு மீடிறனை, அதாவது தடுப்புத் தொடங்கும் எல்லையை, அந்த விகிதமும் ஆளிகளை இயக்கும் கடிகார மீடிறனுமே தீர்மானிக்கின்றன. இந்தத் தொழினுட்பத்தின் அழகு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: டிரையரில் உள்ள வெப்பநிலை உணரியான வெப்பவிணையை இச்சில்லுடன் நேரடியாக இணைக்கலாமா? (தேயிலைத் தொழிற்சாலை மின் பராமரிப்பாளர், பண்டாரவளை)

பதில்: வேண்டாம். கே வகை வெப்பவிணை 100 பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ற்றே தரும். கொழுந்து வாட்டும் விசிறிகளின் வேகக் கட்டுப்படுத்திகளோ அதன் கம்பியில் இரைச்சலை ஏற்றிவிடும். சில்லு சைகையைத் தொடர்ச்சியாக அன்றிக் கடிகாரத் துடிப்புக்கு ஒரு தடவை மாதிரி எடுத்து இயங்குவதால், 250 கிலோஹேர்ட்ஸ் கடிகாரத்துக்கு 251 கிலோஹேர்ட்ஸ் இரைச்சல் 1 கிலோஹேர்ட்ஸ் சைகையாகத் தோன்றும். அப்படிப்பட்ட போலிச் சைகையொன்றை என் மேசையில் இரண்டு நாட்கள் தேடியிருக்கிறேன். ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் கொண்ட வடிப்பானை முன்னால் வையுங்கள். இரைச்சல் உள்ளே நுழைந்த பின்னர் அதை உண்மைச் சைகையிலிருந்து பிரிக்க வழியில்லை.

கேள்வி: மின்வெட்டின்போது சில்லில் ஏற்றிய சுற்று அமைப்பு அழிந்துவிடுமா? (வாசகர், பதுளை)

பதில்: சில்லைப் பொறுத்தது. அனடிஜிம் நிறுவனத்தின் சில்லுகள் மின் வந்ததும் வெளி நினைவகத்திலிருந்து அமைப்பை மீண்டும் ஏற்றிக்கொள்ளும். லற்றிஸ் நிறுவனத்தின் ஐஎஸ்பி-பக் சில்லுகள் அதைத் தமக்குள்ளேயே காத்துவைத்தன.

கேள்வி: இலக்கமுறைச் சில்லுகளைப் போல இவை ஏன் பரவவில்லை? (ஆசிரியர், நுவரெலியா)

பதில்: ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் லீயும் குலக்கும் 1991இல் இத்தகைய சில்லொன்றை வெளியிட்டனர், மோட்டரோலா 1997இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. குறை முயற்சியில் இல்லை. இலக்கமுறையில் ஆளியின் தடை சற்றுக் கூடினாலும் 1 என்பது 1 ஆகவே போய்ச் சேரும். அனலொக்கிலோ பாதையிலுள்ள ஒவ்வோர் ஆளியின் தடையும் இரைச்சலும் சைகையுடனேயே கலந்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகத்தில் ஹஸ்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர், சுற்றிலும் காப்பிடப்பட்டு ஏற்றத்தை நெடுநாள் வைத்திருக்கும் மிதக்கும் வாயில் கொண்ட திரான்சிற்றர்களில் ஏற்றத்தைத் தேக்கி, இணைக்கும் ஆளியையே கணிக்கும் உறுப்பாகவும் பயன்படுத்தியது இதனால்தான் எனக்குப் பெரிய முன்னேற்றமாகப் படுகிறது.