பெரிய முத்திரையின் நடுப்பகுதி ஏன் வெளிறிப் போகிறது?

கைவினைக் கேள்வி பதில்

இறப்பர் முத்திரை கொண்டு வாழ்த்து அட்டை செய்யும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் இம்முறை பெரும்பாலானவை உள்ளங்கையை விடப் பெரிய முத்திரைகளைப் பற்றியே இருந்தன. ஆகையால் இவ்விதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: தைப்பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்காக, பொங்கற் பானையும் கரும்பும் வரைந்த முத்திரை ஒன்றைச் செய்வித்தேன். மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு இறப்பர். 10 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஓரங்கள் கறுப்பாக விழுகின்றன, பானையின் நடுப்பகுதி வெளிறிவிடுகிறது. மையைக் கூட்டினாலோ கரும்பின் மெல்லிய கணுக்கோடுகள் அடைத்துக்கொள்கின்றன. என்ன செய்யலாம்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அட்டையைப் பார்த்துக் குறையைத் தேடுவதை விட்டு, அச்சுப் பதித்த கையோடு முத்திரையைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சரித்துப் பாருங்கள். வெளிறிய இடத்துக்கு நேரான இறப்பரில் மை இன்னும் ஈரமாக மினுங்கினால், அங்கே மை இருந்தும் அழுத்தம் போய்ச் சேரவில்லை என்று பொருள். அவ்விடம் மங்கி உலர்ந்து தெரிந்தால் மைதான் போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் மையைக் கூட்டுவதாலேயே பெரும்பாலான பெரிய முத்திரைகள் கெடுகின்றன. உங்கள் கணுக்கோடுகள் அடைத்துக்கொள்வதைப் பார்த்தால், மைக்குக் குறைவிருப்பதாகத் தெரியவில்லை.

அழுத்தம் ஏன் போதாமற் போகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அலுவலகங்களில் குத்தும் 2 சென்ரிமீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் அளவிலான முத்திரையின் பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர்; உங்களுடையது 150. ஒரே கையின் ஒரே பலம் பதினைந்து மடங்கு பரப்பில் பரவும்போது ஒவ்வோர் இடத்துக்கும் பதினைந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அத்துடன், கட்டையின் இரு ஓரங்களையும் பிடித்து அழுத்துகின்ற நமது வழக்கத்தினால் அந்தச் சிறு பங்கும் ஓரங்களுக்கே போய்விடுகிறது. பலத்தைக் கூட்டிக் கட்டையை முன்னும் பின்னும் ஆட்டினால், நடுப்பகுதி பதியுமோ இல்லையோ, இறப்பரின் வெட்டு விளிம்பு அட்டையில் கோடு போட்டுவிடும்.

ஆகவே இவ்வளவு பெரிய முத்திரையைக் குத்துவதற்கான பொருளாக எண்ணாமல், அச்சடிக்கும் கட்டையாக எண்ணி, வேலையை அப்படியே தலைகீழாக்குங்கள். முத்திரையை இறப்பர் மேலிருக்கும்படி மேசையில் வையுங்கள். ஸ்டாம்ப் பேட்டைக் கையில் எடுத்து, இறப்பரின் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி, ஒரு தட்டு மற்றதன் பாதியை மூடும்படி, முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் மை இடுங்கள். பேட்டை இழுத்துத் தேய்த்தால் கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் மை தேங்கும். மினுக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரியும்போது நிறுத்தி, ஓரங்களில் பட்ட மையை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

இனி அட்டையை இரு முனைகளிலும் பிடித்துச் சற்று வளைத்து, அதன் நடுப்பகுதி முதலில் இறப்பரைத் தொடும்படி இறக்கி, முனைகளை மெல்ல விடுங்கள். தொட்ட அட்டையை நகர்த்தவே கூடாது. மேலே ஒரு வெற்றுத் தாளை விரித்து, ஒரு கையால் அசையாமற் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல் நுனிகளால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிச் சிறுசிறு வட்டங்களாகத் தேய்த்து வாருங்கள். இப்போது உங்கள் பலம் முழுவதும் விரல் நுனி அளவான இடத்தில் இறங்குகிறது. 150 சதுர சென்ரிமீற்றரும் சிறுகச் சிறுக அந்தப் பலத்தைப் பெறுகின்றன. யப்பானிய மரக்கட்டை அச்சுக் கலைஞர்கள் கட்டையின் மேல் தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்னும் வட்டத் தட்டினால் தேய்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்) வரையான தாளுக்கு விரல்கள் போதும். 250, 300 என்று தடிப்புக் கூடினால் சிறிய இறப்பர் உருளை ஒன்று இருப்பது நல்லது. கரண்டியின் பின்புறத்தால் தேய்க்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. மெல்லிய தாளில் அது தழும்பு விடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இம்முறையில் வேறொரு வசதியும் உண்டு. அட்டையின் ஒரு பாதியை விரல்களால் அமர்த்திப் பிடித்தபடி மறுபாதியை உயர்த்திப் பார்க்கலாம். எங்கேனும் வெளிறியிருந்தால் அப்படியே இறக்கி மீண்டும் தேய்க்கலாம்.

இவ்வளவு செய்தும் ஒரே இடம் ஒவ்வொரு முறையும் வெளிறினால் கட்டையைச் சோதியுங்கள். கடற்கரையோரக் காற்றின் ஈரப்பதத்தில் மரம் நெளிவது சாதாரணம். உலோக அடிமட்டத்தின் விளிம்பைக் கட்டையின் அடிப்பக்கத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெளிவு இருக்கும் இடத்தில் ஒளிக்கீற்றுத் தெரியும். அதற்காகக் கட்டையை எறிந்துவிட வேண்டாம். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், பதியாத எழுத்துக்கு நேராகத் தாளுக்குப் பின்னாலுள்ள அடித்தாளில் மெல்லிய காகிதத் துண்டு ஒட்டி உயரத்தைச் சரிசெய்வார்கள். நீங்களும் தேய்க்கும்போது மேலே விரிக்கும் தாளில், பள்ளமான இடத்துக்கு நேராக, ரிசுத் தாளை ஒன்றிரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளலாம். துண்டின் ஓரத்தை வெட்டாமல் கிழித்து ஒட்டினால் அச்சில் அதன் எல்லை தெரியாது.

கேள்வி: வெசாக் வாழ்த்து அட்டைக்காக, இதழ்கள் முழுவதும் நிறம் நிரம்பிய பெரிய தாமரை முத்திரை வாங்கினேன். கண்ணாடி போன்ற தெளிவான வகை. அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பயன்படுத்துகிறேன். இதழ்களின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. முத்திரை பழுதானதா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தெளிவான முத்திரைகள் ஃபோட்டோபொலிமர் என்னும் பொருளாற் செய்யப்படுபவை. புதியனவற்றின் மேற்பரப்பு மிகவும் வழுவழுப்பாக இருப்பதாலும், உற்பத்தியின்போது படிந்த எச்சம் சிறிது எஞ்சியிருப்பதாலும், மை சீராகப் படராமல் சிறு துளிகளாகத் திரள்கிறது. மை இட்டவுடன் உற்றுப் பார்த்தால் அந்தத் துளிகள் கண்ணுக்கே தெரியும். இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி உலர்த்திய பின்னர், வெள்ளை அழிறப்பரால் இதழ்களின் மேற்பரப்பை மென்மையாகத் தேயுங்கள். பளபளப்புச் சற்று மங்கினாற் போதும். பிறகு வேண்டாத தாளில் சில அச்சுகள் பதித்துவிட்டு நல்ல அட்டைக்கு வாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்குமாறு யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். அந்தக் கீறல்களும் அட்டையில் அச்சாகும்.

அடுத்தது மை. சாய மை தாளுக்குள் ஊறி உடனே உலர்வது. கோட்டு வேலைக்கு அது நல்லது. நிரம்பிய பரப்புகளுக்கு, தாளின் மேலேயே தங்கி மெதுவாக உலரும் நிறமி மை சீராக அமையும். சாய மைதான் கைவசம் இருக்கிறதென்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் இதைக் கேட்பதே கொடுமை என்பது தெரியும். ஆனால் பெரிய முத்திரையின் ஒரு முனையில் மை இட்டு மறுமுனைக்குப் போவதற்குள், தலைக்கு மேல் சுழலும் விசிறி முதலில் இட்ட மையைப் பாதி உலர்த்திவிடுகிறது. உலர்ந்துவிட்டதென்று தோன்றினால், அச்சிடுமுன் வாயைத் திறந்து முத்திரையின் மேல் மூச்சுக் காற்றை ஓரிரு முறை விடுங்கள். அந்த ஈரத்தில் சாய மை மீண்டும் இளகும்.

தாளையும் கவனிக்க வேண்டும். பாடசாலை வேலைகளுக்கு வாங்கும் பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு பக்கம் மற்றதை விட வழுவழுப்பாக இருக்கக்கூடும். விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பான பக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். நீர்வர்ணத் தாளில்தான் பதிக்க வேண்டும் என்றால், சொரசொரப்பான கோல்ட் பிரஸ் வகையைத் தவிர்த்து ஹொட் பிரஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். தெளிவான முத்திரைக்குச் சிவப்பு இறப்பருக்கு இருப்பது போன்ற பஞ்சு அடிப்படை கிடையாது. ஆதலால் அதைக் கடினமான மேசையில் நேரடியாகப் பதிக்காமல், அட்டையின் கீழே 2 மில்லிமீற்றர் தடிப்பான கைவினை ஃபோம் தாளோ ஒரு பழைய மவுஸ் பேட்டோ வையுங்கள். ரெஜிபோம் உதவாது, ஒருமுறை அமுங்கிய இடம் எழும்பாமல் அடுத்த அச்சில் வெற்றிடமாகத் தெரியும். அதற்காக மெத்தென்ற தடித்த ஃபோமும் வேண்டாம். அட்டை அதற்குள் புதைந்து, முத்திரையின் பள்ளங்களில் பட்ட மையையும் தொட்டுவிடும்.

கேள்வி: மிஸ்டி போன்ற முத்திரைப் பொறியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எண்ணுகிறேன். விலை அதிகம். வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், தெகிவளை)

பதில்: அந்தக் கருவி செய்வது ஒரே ஒரு காரியந்தான், ஆனால் பெறுமதியான காரியம். தாளைக் காந்தங்களால் தளத்தில் நிறுத்தி, முத்திரையைக் கீல் வைத்த மூடியில் ஒட்டிவிடுவதால், முதல் அச்சு வெளிறினாலும் மூடியைத் திறந்து மீண்டும் மை இட்டு அதே இடத்தில் இம்மியும் பிசகாமல் இரண்டாம் முறை பதிக்கலாம். நிரம்பிய பரப்புக் கொண்ட பெரிய முத்திரைகளுக்கு இது பேருதவி. ஒரே மாதிரி அட்டைகளை ஐம்பது, நூறு என்று செய்து விற்பவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் ஆண்டுக்குச் சில அட்டைகள் செய்பவருக்கு, முதற் கடிதத்துக்குச் சொன்ன தலைகீழ் முறையே போதும் என்பது என் கருத்து.

வாங்கினால் இவற்றை நினைவில் வையுங்கள். மரக்கட்டையில் ஒட்டிய முத்திரை அந்த மூடிக்குள் அடங்காது. கட்டையில்லாத இறப்பரும் தெளிவான முத்திரையுமே பொருந்தும். உடன் வரும் ஃபோம் தட்டு மெல்லிய தெளிவான முத்திரைக்கானது. தடித்த இறப்பருக்கு அதை எடுத்துவிட வேண்டும். மூடியைச் சாத்தி ஒரேயடியாக அமுக்கினால், பெரிய முத்திரையில் மூடியே சற்று வளைந்து நடுப்பகுதி மறுபடியும் வெளிறும். மூடியின் மேலும் பகுதி பகுதியாகத்தான் விரல்களால் அழுத்தி வர வேண்டும்.

கேள்வி: மழைக் காலத்தில் எம்பொசிங் பவுடர் (ஈர மையின் மேல் தூவிச் சூடாக்கினால் உருகிப் புடைப்பாகும் தூள்) முத்திரைக் கோட்டில் மட்டும் நில்லாமல் அட்டை முழுவதும் ஒட்டுகிறது. (வாசகி, வத்தளை)

பதில்: அட்டை ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது, விரல்களின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும். மை இடுவதற்கு முன்னர் அட்டையைச் சூட்டுத் துப்பாக்கியால் (பவுடரை உருக்கும் சூடான காற்றுக் கருவி) சில விநாடிகள் உலர்த்தி, ஆறவிட்டு, மெல்லிய துணியில் சிறிது பேபி பவுடரை முடிந்து அந்த முடிச்சினால் அட்டையை ஒற்றித் துடையுங்கள். எஞ்சிய அட்டைகளைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள். நிறமி மை மழைக் காலத்தில் இன்னும் தாமதமாக உலர்வது இந்த வேலைக்கு உங்கள் பக்கமே. பெரிய முத்திரையிலும் பவுடர் தூவப் போதிய அவகாசம் கிடைக்கும். தலைமுடி உலர்த்தியை மட்டும் எடுக்காதீர்கள். அதன் சூடு பவுடரை உருக்கப் போதாது, காற்றோ பவுடரை ஊதிவிடும்.

கேள்வி: சிவப்பு இறப்பரா, தெளிவான முத்திரையா, எது நீடித்து உழைக்கும்? எப்படிக் கழுவுவது? (வாசகர், மட்டக்குளி)

பதில்: 1876இல் கம்பஹா, ஹெனரத்கொட தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகளை நட்ட நாட்டில் இருந்துகொண்டு நான் வேறு பதில் சொல்ல முடியாது, உண்மையும் அதுவே. வல்கனைசு செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய) இறப்பர் பல்லாண்டு உழைக்கும். கரைப்பான் கலந்த மைகளையும் தாங்கும். தெளிவான முத்திரை வெயிலில் மஞ்சளாகும், கடுமையான கரைப்பான் பட்டால் கெட்டுப்போகும். எங்கே பதிகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதுதான் அதன் சிறப்பு. மரக்கட்டை முத்திரையை நீரில் ஊறவைக்கக் கூடாது. பசை விட்டு இறப்பர் கழன்று வரும். மதுசாரம் கலவாத பேபி வைப்ஸினால் மை காய்வதற்கு முன்னரே துடைத்து, கோடுகளுக்கிடையே தங்கியதை மென்மையான பழைய பற்தூரிகையால் எடுத்து, இறப்பர் மேலிருக்கும்படி நிழலில் உலரவிடுங்கள்.